அடுத்தவன் கூண்டு

டென்ஸிலுக்குப் பென்சில் மேல் நம்பிக்கை கிடையாது. பென்சிலால் போட்ட ஓட்டை லண்டனில் உட்கார்ந்து ரப்பரால் அழித்துவிடுவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று கேட்டால், "ஊரே சொல்லுது" என்பார். அதனால் படகின் குறிப்பேட்டில் எழுதுகிற நீலமைப் பேனாவை, அதன் கழுத்தில் கட்டியிருந்த வலைக்கயிற்றோடு அவிழ்த்து, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மருமகள் கெரனிடம் கொடுத்தார்.

"என் ஓட்டை இதாலதான் போடணும், பொண்ணே. அவங்க பென்சிலைத் தொடவே தொடாத."

"சரி மாமா."

"ரெண்டு கோடு. பெருக்கல் குறி. கட்டத்துக்கு வெளில போகக் கூடாது."

"எனக்குப் பெருக்கல் குறி போடத் தெரியும் மாமா."

இது திங்கட்கிழமை. வியாழக்கிழமை பிரிட்டன் முழுக்க ஓட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விட்டு வெளியே வருவதா என்ற ஒரே கேள்வி. ட்ரெவாரன் துறைமுகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதோ எழுதியாயிற்று. ஒவ்வொரு படகின் கம்பத்திலும் 'வெளியேறு' என்ற கொடி பறந்தது. கொடி இல்லாத படகு ஒன்றே ஒன்றுதான். அதன் சொந்தக்காரன் ஜெயிலில் இருந்தான்.

டென்ஸிலும் அவர் மகன் ஜேகோவும் அன்று மதியம் நண்டுக்குப் போகிறார்கள். சனிக்கிழமைதான் திரும்புவார்கள். ஓட்டு நாளன்று கடலில் இருக்கிற ஆள், தனக்குப் பதிலாக ஓட்டுப் போட ஒருவரை எழுதிக் கொடுக்கலாம். கடலோர ஊர்களில் இது புதிதில்லை. ஆனால் எப்போதும் நகராட்சிக்கோ நாடாளுமன்றத்துக்கோ நடக்கிற ஓட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இந்தத் தடவைதான் வீட்டுக்கு வீடு அதைப் பற்றிப் பேச்சு.

மே மாதமே அந்தப் படிவங்கள் வந்திருந்தன. சமையலறை மேஜையில் டீயையும் வைத்துக்கொண்டு அப்பனும் மகனும் எழுத உட்கார்ந்தார்கள். டென்ஸிலின் அக்கா பெரிலும் வந்திருந்தாள். வெளியேறும் கட்சியின் ரிப்பனை ஞாயிற்றுக்கிழமை சட்டையிலும் குத்திக்கொண்டு திரிகிறவள். தம்பி ஓட்டும் மருமகன் ஓட்டும் தனக்குத்தான் என்று அவள் பாட்டுக்கு முடிவு செய்திருந்தாள்.

"என் பேரை முழுசா எழுது. பெரில் மேரி" என்றாள்.

டென்ஸில் பேனாவை எடுத்து, கெரன் பெயரை எழுதினார். பெரிலின் முகத்தில் ஈயாடவில்லை.

"கூடப் பிறந்தவ நான் இருக்கேன்."

"அவ வீட்டுல இருக்கா. நீ அடுத்த தெரு" என்றார் டென்ஸில். அதற்கு மேல் அவர் விளக்கம் சொல்லவில்லை; எதற்குமே சொல்கிற வழக்கமில்லை.

"நீயாவது அத்தை பேரை எழுதுடா" என்று பெரில் ஜேகோ பக்கம் திரும்பினாள்.

ஜேகோ தலை நிமிரவில்லை. "ரெண்டும் ஒரே ஆளா இருந்தா சுலபம் அத்தை" என்று சொல்லிக்கொண்டே கெரன் பெயரை எழுதினான். படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. இந்த ஒரு ஓட்டுக்கு மட்டுமா, இனி வரும் எல்லா ஓட்டுக்குமா? டென்ஸில் முதல் கட்டத்தில் குறி போட்டார். ஜேகோ இரண்டாவதில். கெரன் அதைக் கவனித்தாள். ஏழு வருஷத்துக் கல்யாணத்தில் ஜேகோ பூ வாங்கி வந்தது இரண்டு தடவை. அந்தக் குறி மூன்றாவது பூ மாதிரி அவளுக்கு இருந்தது.

"எங்க போடணும்னு தெரியும்ல?" என்றார் டென்ஸில்.

"வெளியேறணும்" என்றான் ஜேகோ, அப்பாவைப் பார்த்து.

உன் ஓட்டை எங்கே போடுவாய் என்று அந்த மேஜையில் கெரனை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்கிற பக்கம் அவள். காரணம், துறைமுகத்தின் கோடியில் பழைய ஐஸ் கிடங்கில் இருந்த அவளுடைய பன்னிரண்டு தொட்டிகள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், அவள் தனியாக ஆரம்பித்தது. ஐந்து படகுகள் பிடிக்கிற நண்டை வாங்கி, குளிர்ந்த கடல்நீரில் உயிரோடு வைத்திருந்து, செவ்வாயும் சனியும் ஸ்பெயினுக்கு ஏற்றுவாள். தொட்டியில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு நண்டின் பெரிய கொடுக்கு இரண்டிலும் ஒரு நரம்பைக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று நசுக்கிக் கொன்றுவிடும். அவளும் இரண்டு பெண்களும் ஒரு நாளைக்கு ஆயிரம் நண்டுக்கு நறுக்குவார்கள். ட்ரெவாரன்காரர்கள் யாரும் அந்த நண்டைத் தின்பதில்லை. அவர்களுக்கு வறுத்த மீனும், மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பாஸ்டியும் போதும். தின்கிறவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தக் கரையில் இருந்தார்கள்.

லாரி ஓட்டி வருகிற அன்ஷோ ஸ்பெயினில் வீகோவைச் சேர்ந்தவன். பல வருஷப் பழக்கம். போன வாரம் தொட்டித் தண்ணீரை லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது கொடிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இவங்க நெசமாவே போறாங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"இப்ப நான் பிளிமத்துல ராத்திரி கப்பல் ஏறினா, காலைல பிரான்சு. மறுநாள் வீகோ. நடுவுல ஒருத்தன்கூட என்னை நிறுத்தறதில்ல. நீங்க வெளில போயிட்டா பெட்டிக்குப் பெட்டி, நோயில்லைன்னு டாக்டர் கையெழுத்து. ஒரு கையெழுத்து தப்புன்னா லாரி நிக்கும். லாரி நிக்கும் கெரன். நண்டு நிக்குமா?"

பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஜேகோ எழுந்து படகுக்குள் போய்விட்டான்.

கெரன் ஒரே ஒரு தடவை மாமனாரிடம் வாயைத் திறந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில்.

"மாமா, மீனுக்குத்தான் இவ்வளவு பிடி, அவ்வளவு பிடின்னு கட்டுப்பாடு. நம்ம நண்டுக்கு அதெல்லாம் கிடையாதே. பிடிக்கறதெல்லாம் அங்கதானே விக்கறோம்."

டென்ஸில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நண்டைப் பத்தி இங்க யார் பேசினா? நான் கேட்டி ஜோனைப் பத்திப் பேசறேன்."

அதோடு பேச்சு முடிந்தது. கேட்டி ஜோன் அவருடைய இழுவலைப் படகு. இருபது வருஷத்துக்கு முன்னால், கடலில் படகுகள் அதிகம், குறைக்க வேண்டும் என்று ஒன்றியத்தில் பேசி, நம் அரசாங்கமும் தலையாட்டி, உடைக்கச் சம்மதித்தவர்களுக்கு ஈடு கொடுத்தார்கள். டென்ஸில் சம்மதித்தார். கடன், நோய்ப் படுக்கையில் மனைவி, வேறு வழியில்லை. இரும்புக் கை வைத்த மண் அள்ளும் இயந்திரம் அந்தப் படகை மென்று தீர்க்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவர் கடைசிவரை நின்று பார்த்தார். அதன் சுக்கான் அறைக் கதவை மட்டும் கழற்றி வந்து குளியலறைக்குப் போட்டுக்கொண்டார். அளவு பொருந்தாத கதவு. மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும். கெரன் அந்த வீட்டில் எத்தனையோ காலைகளில் உள்ளே மாட்டிக்கொண்டு தோளால் இடித்திருக்கிறாள். கதவை மாற்றலாம் என்று யாரும் வாயெடுத்ததில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அதுதான் கெரனுக்குப் பெரிய சங்கடம். முட்டாள் கோபமாக இருந்திருந்தால் மனசுக்குள்ளாவது திட்டித் தீர்த்திருப்பாள்.

திங்கட்கிழமை மதியம் படகு கிளம்புமுன் ஜேகோவைப் படிக்கட்டின் ஓரத்தில் பிடித்தாள். "நீ நிஜமா என்ன நினைக்கிற? எனக்கு மட்டும் சொல்லு."

ஜேகோ படகைத் திரும்பிப் பார்த்தான். டென்ஸில் மேல்தளத்தில் இரைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே சொன்னேனே. வெளியேறணும்."

"அது அன்னிக்கு. இப்ப?"

"இப்பவும் அதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மேல்தளத்திலிருந்து டென்ஸில், "பேனா பத்திரம்" என்று கத்தினார்.

ட்ரெவாரனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே குடிகாரனோடு பேசுவார்கள், கடனைத் திருப்பாதவனோடு பேசுவார்கள், பெண்டாட்டியை விட்டு ஓடினவனுக்கும் பாரில் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பார்கள். அடுத்தவன் கூண்டைத் தூக்கினவனோடு மட்டும் பேசமாட்டார்கள். கடலுக்கடியில் வரிசை வரிசையாக நண்டுக் கூண்டுகள் கிடக்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மிதவை, ஒவ்வொருவனுக்கும் ஒரு நிறம். காவல் கிடையாது, பூட்டுக் கிடையாது. யாரும் தொடமாட்டார்கள். படுத்துக்கிடக்கிறவனுக்காக அவன் வரிசையைத் தூக்கிக் கொடுப்பது உண்டு. அப்படித் தூக்கினால் உள்ளே இருப்பது அவனுடைய பெட்டிக்குத்தான் போக வேண்டும். குட்டி நண்டாக இருந்தாலும், வெறும் ஓடாக இருந்தாலும். "பாதி நீ எடுத்துக்கோ" என்று அவனே சொன்னாலும் எடுக்கமாட்டார்கள். கெரனின் அப்பா ஹெட்லி ஒரு குளிர்காலம் முழுக்கக் கால் ஒடிந்துகிடந்த டென்ஸிலின் வரிசைகளைத் தூக்கியவர். அப்போது கெரனுக்கு ஒன்பது வயது. வீட்டில் அந்தக் குளிர்காலத்தில் பெரிய சாப்பாடு இல்லை. இருந்தும் அப்பா டென்ஸிலின் நண்டைத் தனிப் பெட்டியில் போட்டு, மேலே ஈரச் சாக்கைப் போர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை கிடங்கு வேலையை மற்ற இருவரிடம் விட்டுவிட்டு, ஓட்டுச் சாவடியாக இருந்த சாப்பல் கூடத்துக்குப் போனாள். வாசலில் ஒரு மடக்கு நாற்காலியில் பெரில், ரிப்பனோடு.

"வா வா, மூணு ஓட்டுக்காரி" என்றாள். "மூணும் நம்ம பக்கம்தானே?"

"அத்தை, அதைக் கேக்கக் கூடாதுன்னு உங்க நாற்காலிக்குப் பின்னாடியே எழுதி ஒட்டிருக்கு."

"எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது."

உள்ளே பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெண், பெயர்களைச் சத்தமாகப் படித்து, மூன்று சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தாள். ஒன்று டென்ஸிலுக்கு, ஒன்று ஜேகோவுக்கு, ஒன்று அவளுக்கு. கெரன் பலகைத் தடுப்புக்குள் போய் நின்றாள். முன்னால் பலகை, இரண்டு பக்கமும் பலகை, முதுகுக்குப் பின்னால் ஊர். மேலே நூலில் கட்டிய பென்சில்.

டென்ஸிலின் சீட்டை முதலில் எடுத்தாள். பையைப் பிரித்துப் பேனாவை எடுத்தாள். அதில் இரை நாற்றம் அடித்தது. வெளியேற வேண்டும் என்ற கட்டத்தில் இரண்டு கோடு போட்டாள், வெளியே போகாமல். அந்தச் சீட்டு அவருடையது. கேட்டி ஜோன் அவருடையது. அதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

இரண்டாவது சீட்டில்தான் நின்றாள்.

ஜேகோவின் சீட்டை இருக்கிற பக்கம் போட்டால் யாருக்கும் தெரியாது. சட்டமே மறைத்து வைக்கச் சொல்கிறது. மாமனாருக்குத் தெரியாது, பெரிலுக்குத் தெரியாது, ஜேகோவுக்கே தெரியாது. அப்படிப் போட்டால் அந்த வீட்டில் இரண்டுக்கு ஒன்று அவள் பக்கம். சொன்னபடி போட்டால் இரண்டுக்கு ஒன்று அவளுக்கு எதிராக, அதுவும் அவள் கையாலேயே. ஒரு ஓட்டால் நாடு திரும்பிவிடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சீட்டு அவள் கையில் கனத்தது. அன்ஷோவின் லாரி எங்கோ ஒரு துறைமுகத்தில் நிற்பதையும், தொட்டிக்குள் நண்டுகள் ஒன்றொன்றாகக் கால் மடக்குவதையும் அவள் கண்முன் பார்த்தாள். பென்சிலைப் பிடித்தாள். இருக்கிற பக்கத்துக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோனாள்.

அவளுக்கு அதைச் செய்ய ஆசையாக இருந்தது. இதை அவள் பின்னால் ஒருபோதும் தனக்குள் மறைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு ஆசையாக இருந்தது.

பிறகு அந்த ஈரச் சாக்கு ஞாபகம் வந்தது. அவன் வரிசை, அவன் மிதவை. அவன் வாயால் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். கூண்டுக்குள் வந்தது எதுவோ அது அவன் பெட்டிக்குத்தான். பென்சிலைக் கீழே இறக்கி, வெளியேறும் கட்டத்தில் குறி போட்டாள். பென்சில்தானே, லண்டனில் யாராவது அழித்துத் தொலைக்கட்டும் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கே ஒரு நப்பாசை.

கடைசியாகத் தன் சீட்டு. இருக்கிற பக்கம் போட்டாள். மூன்றையும் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது பெரில் அவள் முகத்தையே பார்த்தாள். கெரன் நேராகக் கிடங்குக்குப் போய், சாயங்காலம்வரை யாரோடும் பேசாமல் நண்டுக்கு நரம்பு நறுக்கினாள்.

இரவு ஏழு மணிக்குக் கடலிலிருந்து தொலைபேசி வந்தது. இரைச்சலுக்கு நடுவே டென்ஸிலின் குரல்.

"போட்டியா?"

"போட்டேன் மாமா."

"பேனாவாலயா?"

"உங்களோடதைப் பேனாவாலதான்."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது நாடு வெளியே வருவதென்று முடிவாகியிருந்தது. துறைமுகத்தில் ஊதல்கள் ஊதின. பெரில் இரவு முழுக்கத் தூங்காத கண்களோடு வீட்டுக்கு வந்து கெரனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். கெரனும் அழுதாள். பெரில் அதையும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் படகு வந்தது. கொடியோடு கொடியாக எங்கிருந்தோ இன்னொரு கொடியும் முளைத்திருந்தது. டென்ஸில் ஏணியில் ஏறி வந்தார். அவர் சிரித்து கெரன் பார்த்ததே குறைவு. அன்று பல் தெரிந்தது. கையை நீட்டினார். பேனாவைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. ஏப்ரன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பேனாவை வாங்கிக்கொண்டு அவர் போகவில்லை. நின்றார்.

"உன்னோடது எங்க போட்ட?"

அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார். ஒன்றரை மாதம் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு. கெரனுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இருக்கணும்னு."

டென்ஸில் தலையாட்டினார். "தெரியும்."

"தெரியுமா?"

"அந்தத் தொட்டிகளை விட்டுட்டு நீ வேற எப்படிப் போடுவ? எனக்கு அவ்வளவு மூளை இல்லையா?" கழுத்தைச் சொறிந்துகொண்டார். "தனக்கு ஏன் குடுக்கலன்னு பெரில் கேட்டாளே. அவ நம்ம பக்கம். நம்ம பக்கம் இருக்கறவ போடறதுல என்ன இருக்கு? நாளைக்கே மனசு மாறிச்சுன்னா என் சீட்டையும் மாத்திடுவா. நீ ஹெட்லி பொண்ணு. எதிர்ப்பக்கம் நின்னாலும் என் கூண்டுல இருக்கறது என் பெட்டிக்கு வந்து சேரும்."

அவர் புகழ்ந்தார். அது புகழ்ச்சிதான். ஆனால் கெரனுக்கு யாரோ தன்னை நன்றாக எடை பார்த்து, இது தப்பிக்காது என்று கண்டுகொண்டு தொட்டியில் போட்டது போல இருந்தது. எல்லாம் தெரிந்தும், வீட்டில் ஏழு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டும், "நீ என்ன நினைக்கிற பொண்ணே" என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை.

"பாருக்கு வர்றியா?"

"லாரி ஆறு மணிக்கு வரும் மாமா."

டென்ஸில் போனார். ஜேகோ பெட்டிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு கிடங்குக்கு வந்தான். மற்ற இரண்டு பெண்களையும் கெரன் சாப்பிட அனுப்பியிருந்தாள். பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. அவள் ஒரு நண்டைப் புரட்டிப் பிடித்து, கத்தரிக்கோலை வைத்து நறுக்கி, தொட்டியில் விட்டாள். அடுத்தது. ஜேகோ பெட்டியை இறக்கிவிட்டு நின்றான். பல நாள் தாடி. அப்பாவைப் போல அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கெரன். என்னோடதை எங்க போட்ட?"

"நீ சொன்ன இடத்துல."

"நிஜமாவா?"

"பின்ன?"

அவன் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான். "நீ மாத்திப் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

கத்தரிக்கோல் நின்றது.

"எனக்கும் இருக்கணும்னுதான்" என்றான் ஜேகோ, தரையைப் பார்த்து. "நீ பாடுபடறது எனக்குத் தெரியாதா? அன்ஷோ சொன்னது என் காதிலயும் விழுந்துது. அதுக்குத்தான் அத்தை பேரை எழுதல. உன்கிட்டக் குடுத்தா நீ உன் இஷ்டத்துக்குப் போட்டுடுவ, வீட்டுலயும் சண்டை வராதுன்னு நெனச்சேன்."

"படிக்கட்டுல தனியா நிறுத்திக் கேட்டேனே."

"அப்பா மேல நின்னுட்டிருந்தாரு."

"அப்பா படுக்கையறைலயும் நின்னாரா? ஏழு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறோம் ஜேகோ. போர்வைக்குள்ள சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீயும் அவருகிட்ட மறைக்கணும். உன்னை எதுக்கு அதுல இழுக்கணும்னு."

கெரனுக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்குள் அது கசந்தது. நண்டைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். அது நரம்பு நறுக்காத ஒரு கொடுக்கைத் திறந்து காற்றைக் கவ்விக்கொண்டிருந்தது.

"இழுக்கலையா? நீ உங்க அப்பாவுக்கு நல்ல பிள்ளையா இருக்கணும். அதுக்கு நான் திருடியா ஆகணும். அதானே கணக்கு?"

"திருடியா? என்ன பேச்சு இது?"

"நான் அங்க நின்னேன் ஜேகோ. உன் சீட்டை வெச்சுக்கிட்டு நின்னேன். மாத்திப் போடணும்னு எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துதுன்னு உனக்குத் தெரியாது. பென்சிலை அந்தக் கட்டத்து மேல வெச்சுட்டேன். எடுத்தேன். ஏன் எடுத்தேன்? அது உன் கூண்டு. அதைத் தொடக் கூடாதுன்னுதான் எங்கப்பா எனக்குச் சோத்தைக் குறைச்சுக் கத்துக்குடுத்திருக்காரு. நீயும் இதே ஊருதான. தொட்டுடுவேன்னு எப்படி நெனச்ச?"

"ஒரு ஓட்டு" என்றான் ஜேகோ. "ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது?"

"அப்ப எதுக்கு வந்ததும் வராததுமா கேட்ட?"

வெளியே, பாரின் பக்கமிருந்து ஆட்கள் பாடுவது கேட்டது. அதில் டென்ஸிலின் குரலும் தெரிந்தது. கெரனுக்குக் கோபம் இறங்கவில்லை. மாமனார் அவள் மாற்றமாட்டாள் என்று நம்பிக் கொடுத்தார். புருஷன் அவள் மாற்றிவிடுவாள் என்று நம்பிக் கொடுத்தான். இரண்டு பேருக்கும் அவள் ஒரு பேனாவைப் போலத்தான் பயன்பட்டிருக்கிறாள். அவளுக்கு இருந்த ஒரே ஓட்டு, இரண்டு பேர் பாரத்துக்கு அடியில் நசுங்கிப் போயிற்று.

"உன் படிவத்துல ரெண்டாவது கட்டத்துல குறி போட்டியே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"எது?"

"இனி வர்ற எல்லா ஓட்டுக்கும்னு. அன்னிக்கு அதைப் பாத்து நான் சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி. அது இன்னும் உயிரோட இருக்கு. இனிமே நீ வாயில ஒண்ணு சொல்லுவ, மனசுல ஒண்ணு வெச்சிருப்ப, நான் ஒவ்வொரு தடவையும் பலகைக்குள்ள நின்னு எதுன்னு கண்டுபிடிக்கணும். என்னால முடியாது. திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் அதை ரத்து பண்ணு."

"ரத்து பண்ணிட்டு?"

"பெரில் அத்தைக்குக் குடு. அவங்களாவது சொன்னதைப் போடறோம்னு சந்தோஷப்படுவாங்க. இல்லேன்னா ஒரு நாள் கடலுக்குப் போகாம கரையில நின்னு நீயே போடு. உங்கப்பா வாசல்ல நிக்கறப்பவே போடு."

ஜேகோ எழுந்தான். தொப்பியை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான். சரி என்று சொல்லப்போகிறான் என்று கெரன் காத்திருந்தாள். அந்த ஒரு சொல் வந்திருந்தால் அன்றைக்கு அவள் அவனை மன்னித்திருப்பாள்.

"ரத்து பண்ணா அப்பா ஏன்னு கேப்பாரே" என்றான் ஜேகோ. "அவருகிட்ட என்ன சொல்றது?"

கெரன் தொட்டி விளிம்பிலிருந்த நண்டை எடுத்து, மிச்சமிருந்த கொடுக்கின் நரம்பை நறுக்கி, தண்ணீரில் விட்டாள். லாரி வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பெட்டிகளில் நானூறு நண்டு பாக்கி.